எட்டுப் பேர் தின்ன ரொட்டி

புத்தகத்துக்கு இரண்டு முகப்பு இருந்தது. ஒரு பக்கம் திறந்தால் இங்கிலீஷ். புரட்டிப் போட்டு மறுபக்கம் திறந்தால் அரபி. இரண்டும் நடுவில் வந்து, சந்தில் எதிரெதிரே மாட்டிக்கொண்ட கழுதைகள் மாதிரி முட்டிக்கொண்டு நின்றன. ஹிஸாமுக்கு எந்தப் பக்கம் திறந்தாலும் ஒன்றுதான். இரண்டும் படிக்கத் தெரியாது. ஆனால் உள்ளே இருப்பது அவர் வாயால் சொன்ன கதை. ஐந்து வாரம், வாரத்துக்கு ஒரு கேசட், நூலகத்தில் பெவர்லி என்ற அம்மாளின் முன்னால் உட்கார்ந்து சொன்னது. அதனால் புத்தகம் கைக்கு வந்த புதன்கிழமையே அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு முக்பிலின் வீட்டுக்குப் போனார். முக்பில் சிறுவயதில் குர்ஆன் ஓதப் போனவர். எழுத்துக் கூட்டி அரபி வாசிப்பார்.

"வாசி" என்றார் ஹிஸாம், நாற்காலியை இழுத்துப் போட்டு.

முக்பில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். "என் தாயகத்தின் மலைகள் என்னை அழைத்துக்கொண்டே இருந்தன. ஷெஃபீல்டின் புகைநடுவே ஒவ்வொரு இரவும் அந்தக் குரலைக் கேட்டேன்..."

"நிறுத்து. எந்த மலை கூப்பிட்டுச்சு?"

"இங்க அப்படித்தான் இருக்கு."

"எங்க ஊர் மலையில பாறையும் எங்க பெரியப்பாவும்தான் இருந்தாங்க. பாறை கூப்பிடாது. பெரியப்பா கூப்பிட்டா அடிக்கத்தான் கூப்பிடுவாரு. நான் எங்க சொன்னேன் இதெல்லாம்?"

"எழுத்தாளன்னா அப்படித்தான் எழுதுவான். நீ பேசாம இரு."

"எழுத்தாளன் யாரு? நான்தான எழுத்தாளன்? அட்டையில என் படம் போட்டிருக்கே! சரி, ஸ்ட்ரைக்குக்கு வா."

முக்பில் பக்கம் பக்கமாகத் தள்ளினார். விரலை வைத்துக் கீழே இறங்கினார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதாம் ஆண்டு எஃகு ஆலை வேலைநிறுத்தத்தில் ஏமன் தொழிலாளர்கள் ஒரே உடலாக, ஒரே உயிராக, பதிமூன்று வாரம் அசையாமல் நின்றனர்."

"அப்புறம்?"

"அப்புறம் உனக்குக் காது கேக்காமப் போன கதை."

"தாபித் எங்க?"

முக்பில் திரும்பவும் தேடினார். முன்பக்கம், பின்பக்கம். தாபித் பேர் இருக்காது என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தேடிய வேகத்திலேயே அது தெரிந்தது. "இல்ல" என்றார்.

"ஒரு கேசட்டு முழுக்க அவனைப் பத்தித்தான் சொன்னேன்!"

"பேரே இல்ல, ஹிஸாம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் பூசணிக்காயையே எடுத்து வெளியே போட்டுவிட்டுச் சோற்றை மட்டும் பரிமாறியிருந்தார்கள்.

விஷயம் இதுதான். அந்த ஸ்ட்ரைக்கில் வெள்ளைக்காரத் தொழிலாளிக்கு ஒரு பிடிமானம் இருந்தது. அவன் பெண்டாட்டி பிள்ளைகள் பேரில் அரசாங்கம் ஏதோ கொஞ்சம் கொடுத்தது. ஏமன்காரனின் பெண்டாட்டி பிள்ளைகள் கடலுக்கு அந்தப் பக்கம். அவனுக்கு ஒன்றும் கிடையாது. ஹிஸாம், முக்பில், தாபித் என்று ஒரே வீட்டில் எட்டுப் பேர் இருந்தார்கள். யூனியன் கிளை நிவாரணப் பொட்டலம் கொடுத்தது. பிரித்துப் பார்த்தால் பன்றிக்கறி டப்பா. தாபித்தான் கிளைக்குப் போய், "ஐயா, இதை நாங்க தொட மாட்டோம், பயறு இருந்தா குடுங்க" என்றார். "பசிச்சா தின்பே அலி" என்று சிரித்தான் ஒருத்தன். ஆலையில் ஏமன்காரர் எல்லாருக்கும் அலி என்றுதான் பேர். அந்த மாதிரி ஒன்பது வாரம் போனது. பத்தாவது வாரம் தாபித் விடியக்காலையில் எழுந்து, மறியலில் நின்றவர்களுக்கு நடுவே புகுந்து, ஆலைக்குள் போனார். கடைசி நாலு வாரம் வேலை பார்த்தார். அந்தக் கூலியில் மாவும் பயறும் வாங்கி அடுப்பங்கரை மேசையில் வைத்தார். யாரும் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. எட்டுப் பேரும் தின்றார்கள்.

ஸ்ட்ரைக் முடிந்ததும் அதே ஆட்கள் அவரைக் கருங்காலி என்றார்கள். முதலில் சொன்னது வேறு யாரும் இல்லை, ஹிஸாம். தேநீர்க் கடையில் தாபித் வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது, பாதி குடித்த கிளாஸைத் தரையில் கொட்டிவிட்டு எழுந்து போனவர் அவர். அதைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். ஏழு வருஷமாகத் தாபித் அந்தக் கடைப் பக்கம் வருவதில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் காது பார்க்கப் போன இடத்தில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் அகப்பட்டார்கள். ஆலை இரைச்சலில் காது போனதற்கு நஷ்டஈடு கேட்கிறவர்கள் எல்லாரும் அங்கேதான் உட்கார வேண்டும். எழுந்து போக வழியில்லை.

"ஊருக்குப் போறேன்" என்று கத்தினார் தாபித். "ஒரேயடியா."

"எப்போ?"

"புஸ்தகம் போடறீங்களாமே, அதுக்கு அடுத்த திங்கட்கிழமை."

"அதுல உன்னைப் பத்திச் சொல்லியிருக்கேன்" என்று ஹிஸாமும் கத்தினார். "எல்லாம். ரொட்டி, கிளாஸ், எல்லாம். சனிக்கிழமை வெளியீட்டுக்கு வந்து கேளு. எல்லார் முன்னாடியும் வாசிப்பாங்க."

அறை முழுக்க அந்த வாக்குறுதியைக் கேட்டது. தாபித் நம்பின மாதிரியும் இல்லை, நம்பாத மாதிரியும் இல்லை. "பாப்போம்" என்றார்.

இப்போது புதன்கிழமை. சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இடைவெளி.

வலீத் ஏமன் தொழிலாளர் சங்கத்துச் செயலாளர். ஏடனில் படித்தவன். கழுத்துப் பட்டி கட்டாமல் தூங்க மாட்டான் போல. கேசட்டைக் கேட்டு அரபியில் எழுதியவன் அவன்தான். ஹிஸாம் சங்க அலுவலகத்துக்குள் நுழைந்ததும் மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே சிரித்தான்.

"வாங்க சாச்சா. புஸ்தகம் எப்படி வந்திருக்கு!"

"தாபித்தை எங்க புதைச்சே?"

சிரிப்பு நின்றது. "சாச்சா, கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. இந்தப் புஸ்தகம் ஏடனுக்கும் போகும், ஸன்ஆவுக்கும் போகும். நம்ம நாடு ரெண்டா இருக்கு, ரெண்டு அரசாங்கம். ஒருத்தன் தொழிலாளர் அரசாங்கம்னு சொல்லிக்கிறான். அவன்கிட்ட, 'எங்க ஆளு ஸ்ட்ரைக்கை உடைச்சான்'னு எழுதிக் குடுக்க முடியுமா? இன்னொருத்தன், வெளிநாட்டுல இருக்கிற ஏமன்காரன் மானம் போச்சும்பான். பன்றிக்கறி டப்பாவைப் பத்தி எழுதினா, 'தொட்டீங்களா தொடலையா'ன்னு அங்க ஒரு கேள்வி வரும்."

"தொடலன்னு எழுதேன்."

"எழுதினா தொட்டிருப்பாங்களோன்னு நினைப்பான். எழுதாம இருந்தா நினைக்கவே மாட்டான்."

"அப்ப மலை கூப்பிட்டதை மட்டும் எழுதுவே."

"அது யாரையும் உறுத்தாது, சாச்சா. நம்ம மொழியில எழுதறவன் இன்னைக்கு அப்படித்தான் எழுத முடியும். மேல ஒருத்தன் பாக்கிறான், கீழ ஒருத்தன் பாக்கிறான். எழுத்து நடுவுல போகணும்."

"எழுத்து நடுவுல போச்சு. தாபித்து எங்கடா போனான்?"

வலீத் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தான். நல்ல காரணம் சொல்கிறவனிடம் பேசி ஜெயிக்க முடியாது. கெட்ட காரணம் சொல்கிறவனையாவது அடிக்கலாம்.

ஹிஸாம் அங்கிருந்து நேரே நூலகத்துக்குப் போனார். வெள்ளைக்காரர்களுக்குப் பேச்சுச் சுதந்திரம் உண்டு, யாரும் யாருக்கும் பயப்படத் தேவையில்லை என்று முப்பது வருஷமாக அவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறார். பெவர்லி அவருக்குத் தேநீர் கொடுத்தாள். அவருடைய இங்கிலீஷ் ஆலை இங்கிலீஷ்: தள்ளு, இழு, சூடு, ஜாக்கிரதை, மிச்சமெல்லாம் வசவு. ஆனாலும் அவர் பேசுவது அவளுக்குப் புரியும்; அதைக் கேட்டுத்தான் புத்தகத்தின் இங்கிலீஷ் பக்கத்தை எழுதினாள்.

"உன் இங்கிலீஷ் பக்கத்துல தாபித் இருக்கானா?"

அவள் முகம் சிவந்தது. "இல்ல, ஹிஸாம். ஆனா நான் அழிக்கல. கேசட் பத்திரமா அலமாரியில இருக்கு."

"அலமாரி என்ன, படிக்குமா?"

"எங்க அப்பா முப்பது வருஷம் நிலக்கரிச் சுரங்கத்துல வேலை பாத்தாரு" என்றாள் பெவர்லி. "ரெண்டு வருஷம் முன்னாடி, அந்தப் பெரிய ஸ்ட்ரைக்குல, கடைசி வாரம் எங்க சித்தப்பா வேலைக்குப் போயிட்டாரு. அவ்வளவுதான். அப்பா இன்னைக்கும் அவர் இருக்கிற தெருவுல நடக்க மாட்டாரு. இந்த ஊர்ல எல்லா வீட்லயும் இப்படி ஒரு கதை இருக்கு. நாங்க தோத்துட்டோம், ஹிஸாம். இப்பப் போய், வேலைக்குப் போனவன்தான் நல்லவன்னு தொழிலாளர் எழுத்துன்னு பேர் போட்ட புஸ்தகத்துல நான் எப்படி அச்சடிப்பேன்? பத்திரிகைக்காரன் அதை மட்டும் எடுத்துப் போட்டு எங்களைப் பாத்துச் சிரிப்பான்."

"நல்லவன்னு நான் சொல்லல. ரொட்டி குடுத்தான்னு சொன்னேன்."

"தெரியும்."

"அப்ப உங்க அப்பனுக்குத்தான் இது முதல்ல வேணும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். புத்தகத்தை எடுத்து, "நான் உங்களைப் பத்தி நல்லாத்தான் எழுதியிருக்கேன்" என்று ஒரு பக்கத்தைத் திறந்து வாசித்தாள். உலைமுன் நின்று குளிரில் நடுங்கினாராம். தலையணையில் முகம் புதைத்து அழுதாராம்.

"உலைக்கு முன்னாடி எவனுக்கும்மா குளிரும்?"

"அது... உள்ளுக்குள்ள இருக்கிற குளிர்."

"அழுதேன்னு யார் சொன்னா?"

"நீங்க சொல்லல. ஆனா படிக்கிறவங்க..."

அரபியில் மலை கூப்பிட்டது, இங்கிலீஷில் கிழவர் அழுதார். அங்கே வீரன் வேண்டும், இங்கே பரிதாபம் வேண்டும். தின்றுவிட்டுத் திட்டிய ஆள் ஒருத்தனுக்கு இரண்டு மொழியிலும் இடம் இல்லை. ஹிஸாம் தேநீரைக் குடிக்காமலே எழுந்தார்.

"ஒரு உதவி" என்றாள் பெவர்லி வாசல்வரை வந்து. குற்ற உணர்ச்சி உள்ளவர்கள் கையோடு இன்னொன்றும் கேட்பார்கள். "சனிக்கிழமை உங்க ஊர்ப் பாட்டு ஒண்ணோட நீங்க ஆரம்பிச்சு வைக்கணும். பழைய பாட்டு ஏதாவது. ரெண்டு நிமிஷம் போதும்."

மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டார். பிறகு, "ஸாமில் சொல்றேன்" என்றார்.

"அழகா இருக்கே! இன்னொரு தரம் சொல்லுங்க" என்று அவள் பேரைக் குறித்துக்கொண்டாள்.

விஷயம் காதுக்கு வந்ததும் வலீத்தும் சரி என்றுவிட்டான். நகரத்துப் பிள்ளை. அவனுக்கு ஸாமில் என்றால் பண்பாட்டு நிகழ்ச்சி, கையைத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போவது. முக்பிலுக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஹிஸாமின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னத்தச் சொல்லப் போறே?"

"நாளைக்குக் கேளு."

"கல்யாணத்துக்குச் சொல்றதா?"

"கல்யாணம் யாருக்கு? உனக்கா?"

"விளையாடாத. பழசை எதுக்குக் கிளறுறே? அவன் போகப் போறான். போகட்டுமே."

"அவன் போறான். நாம இங்கதான இருக்கப் போறோம்" என்று சொல்லி ஹிஸாம் கையை விடுவித்துக்கொண்டார்.

அவர்கள் மலைநாட்டில் வழக்கம் இது. ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தின் விசேஷத்துக்கோ வழக்குத் தீர்க்கவோ போனால், நேரே உள்ளே நுழையாது. வாசலில் நின்று இரண்டு அடிப் பாட்டு எறியும். உள்ளே இருப்பவர்கள் அதே சந்தத்தில், அதே முடிப்பில், இரண்டு அடி திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால் வந்தவர்கள் உள்ளே வருவார்கள். சொல்லாவிட்டால் வாசலிலேயே நிற்பார்கள். அதைவிடக் கேவலம் வீட்டுக்காரனுக்குக் கிடையாது. ஆளைக் கொன்ற வழக்கில்கூட ஸாமிலுக்கு வாய் திறக்காமல் இருந்தவன் இல்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு நூலகக் கூடம் நிறைந்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் ஒரு பக்கம். ஏமன்காரர்கள் ஒரு பக்கம், அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. காலை விமானத்தில் வந்த, மென்றால் கிறக்கம் தரும் காத் இலை வாடுவதற்குள் வாயில் போட வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு. மேசையில் சாண்ட்விச். பன்றிக்கறி இல்லை என்று பெவர்லி மூன்று தரம் சொல்லிவிட்டாள். நகரசபை ஆள் ஒருவர் பேசினார். வலீத் பேசினான். அந்த வீட்டில் இருந்த எட்டுப் பேரில் இருவர் மௌத்தாகிவிட்டார்கள், இருவர் ஊரோடு போய்விட்டார்கள். ஹிஸாமைச் சேர்த்து மிச்சம் நாலு பேர். முக்பிலும், பேசவே பேசாத இன்னொருவரும் முதல் வரிசையில். நான்காவது ஆள் கடைசியில், கோட்டுகள் மாட்டியிருந்த இடத்தில், தன் கோட்டைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். தாபித் வந்திருந்தார்.

"இப்போது நாட்டுப்புறப் பாடல்" என்றான் வலீத்.

ஹிஸாம் மேடைக்கு வரவில்லை. எழுந்து, கூடத்தை விட்டு வெளியே போனார். பெவர்லி பதறினாள். ஆனால் ஏமன் பக்கத்துக் கிழவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குத் தெரியும். கதவை அகலத் திறந்து, நிலைப்படிக்கு வெளியே நின்று, காது கேளாதவன் கத்துகிற கத்தலாகக் கத்தினார் ஹிஸாம்:

*எட்டுப் பேரு தின்ன ரொட்டி எவன் கொடுத்த ரொட்டி, சொல்!*
*தட்டைத் துடைச்சுத் தின்ன வாயால் தாபித்தைத் திட்டினோமா, சொல்!*

வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். அரபி தெரிந்தவர்கள் ஒருவரும் தட்டவில்லை. கைதட்டல் பாதியில் வெட்கப்பட்டு நின்றது.

ஹிஸாம் வாசலிலேயே நின்றார். உள்ளே ஒரு இருமல் சத்தம். வலீத்துக்கு அப்போதுதான் உறைத்தது. சங்கத்துச் செயலாளன் அவன், வீட்டுக்காரன் அவன். சிறுவயதில் கேட்டதை வைத்து ஒருவழியாகக் கட்டினான்:

*கொட்டும் பனியில் கொடியைத் தூக்கிக் கூடி நின்ற கூட்டம், சொல்!*
*எட்டுத் திக்கும் எங்கள் பேரு ஏமன் மண்ணின் பேரு, சொல்!*

சந்தம் சரி. முடிப்பும் சரி. ஆனால் கிழவர்களில் ஒருவர்கூடப் பதிலை ஏற்று "ஆமீன்" போடவில்லை.

"நான் ரொட்டியக் கேட்டேன்" என்றார் ஹிஸாம் வாசலிலிருந்து, பாட்டில்லாமல். "நீ கொடியக் குடுக்கிறே. கொடிய எவன்டா தின்னான்?"

"சாச்சா, உள்ள வாங்க. எல்லாரும் பாக்கிறாங்க."

"பாக்கட்டும். பதில் வராம நான் வரமாட்டேன்."

மழை தூற ஆரம்பித்தது. அவர் நின்ற இடத்துக்குக் கூரை இல்லை. கதவு திறந்தே கிடந்ததால் குளிர் உள்ளே போனது. நகரசபை ஆள் கழுத்தில் கிடந்த பதவிச் சங்கிலியைத் தடவினார். பெவர்லி வலீத்தைப் பார்த்தாள், வலீத் தரையைப் பார்த்தான். கோட்டுகளின் பக்கம் தாபித் வாசலைக் கணக்குப் போட்டார். வெளியே போக அந்த ஒரு கதவுதான். அதில் ஹிஸாம் நனைந்துகொண்டு நின்றார்.

முதல் வரிசையில் முக்பில் தொடையைப் பிசைந்துகொண்டிருந்தார். முகம் கறுத்துப் போயிருந்தது. பக்கத்திலிருந்த, பேசவே பேசாத மனிதர் அவரை முழங்கையால் இடித்தார். முக்பில் திரும்பி முறைத்தார். அவர் மறுபடியும் இடித்தார். முக்பில் எழுந்தார். சபித்துக்கொண்டேதான் எழுந்தார். ஓதிப் பழகிய குரல் கடைசி வரிசைவரை போனது:

*கெட்ட பேரு அவனுக்காச்சு, சுட்ட ரொட்டி நமக்கு, சொல்!*
*எட்டில் ஒண்ணு நானும்தானே, என் வயித்தைக் கேட்டுச் சொல்!*

ஏமன் பக்கம் முழுக்க ஒரே குரலாக "ஆமீன்" வந்தது. விவரம் தெரியாத இளவட்டங்களும் சேர்ந்து சொன்னார்கள். ஹிஸாம் நிலைப்படி தாண்டி உள்ளே வந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

பெவர்லி வலீத்தின் பக்கம் குனிந்தாள். "ரொம்ப உருக்கமா இருந்தது. என்ன பொருள்?"

வலீத் கழுத்தைத் தடவினான். "விருந்தாளியை வரவேற்கிற பாட்டு. ரொட்டியைப் பத்தி."

"ரொட்டியைப் பத்தி" என்று அவள் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஹிஸாம் அதைக் கேட்டார். வாயைத் திறந்தார். இதற்கு ஒரு வசவு அவரிடம் இருந்தது, ஆலை இங்கிலீஷிலேயே இருந்தது. ஆனால் தாபித் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேசைப் பக்கம் வந்துகொண்டிருந்தார். வழியில் இருந்தவர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டார்கள்.

"கேட்டுச்சா?" என்றார் ஹிஸாம்.

"நீ கத்தினது பக்கத்து ஊர் ரோதர்ஹாமுக்கே கேட்டிருக்கும்."

தாபித் அடுக்கிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். அவருக்கும் படிக்கத் தெரியாது. ஒருபக்கம் திறந்தார், புரட்டி மறுபக்கம் திறந்தார்.

"நான் எந்தப் பக்கத்துல இருக்கேன்?"

"எந்தப் பக்கத்துலயும் இல்ல" என்றார் ஹிஸாம். "எடுத்துட்டாங்க. ரெண்டு பேரும்."

"தெரியும். நீ வாசல்ல போய் நின்னப்பவே தெரிஞ்சது." புத்தகத்தை அது இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தார். ஓரம் சரியாகச் சேருகிற மாதிரி விரலால் தட்டி வைத்தார். "ஏழு வருஷம். ரெண்டு வரியில முடிச்சிட்டீங்க."

முக்பில் பக்கத்தில் வந்து நின்றார். ஏதோ சொல்லப் போனார். தாபித் கையைக் காட்டி நிறுத்தினார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஆளும் இல்லை.

"திங்கட்கிழமை காலைல ஒம்பது மணி பஸ்" என்றார். "ரெண்டு பெட்டி இருக்கு. கனம்."

"நான் வரேன்" என்றார் முக்பில்.

"உனக்கு முதுகு புடிச்சுக்கும்."

"புடிச்சுக்கட்டும்."

தாபித் ஹிஸாமைப் பார்த்தார். ஹிஸாமின் முகத்தில் இன்னும் மழைத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"நீயும் வரதுன்னா வா. ஆனா பஸ் கிளம்புற வரைக்கும் வாய மூடிக்கிட்டு வரணும்."

"அது மட்டும் முடியாது" என்றார் ஹிஸாம்.